எந்தக் கை நீட்டினாலும்

குரைக்கிற நாய்தான் வேண்டும் என்று லாண்டரியம்மா காப்பகத்து வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அழகு வேண்டாம், உசத்தி இனம் வேண்டாம், குட்டி வேண்டவே வேண்டாம். குட்டியை வளர்த்துப் பழக்க அவளுக்கு நேரம் ஏது? வளர்ந்த நாயாக, வாசலில் ஆள் நிழல் பட்டால் தெருவையே கூட்டுகிற நாயாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாள்.

"வீட்டுக்காரருக்குக் காது கேக்காதுங்க. போன வருஷம் பாய்லர் வெடிச்சதுல ரெண்டும் போயிடுச்சு. நான் வேன் எடுத்துக்கிட்டு லாட்ஜுக்குத் துணி எடுக்கப் போயிட்டா, அவர் ஒத்தையாத்தான் இருப்பார். யார் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது."

காப்பகத்துப் பெண் ரப்பர் பூட்ஸோடு நின்று தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு யோசித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்காதீங்க. காது கேக்காதவருக்குக் குரைக்கிற நாய் எதுக்கு?"

லாண்டரியம்மாவுக்குச் சுருக்கென்றது. இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. "அக்கம்பக்கத்துலயாவது கேக்கட்டும்னுதான்" என்று சமாளித்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

பினாயில் நெடி. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். புது ஆளைக் கண்டதும் எல்லா நாய்களும் ஒரேயடியாகக் குரைக்கத் தொடங்கின. தகரக் கூரை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் நிம்மதியாக நடந்து போனவர் அவள் புருஷன் ஒருவர்தான். தெருவில் எல்லோரும் அவரைப் பாய்லர்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷன். காது போன பிறகு வாயும் போய்விட்டது. யாராவது பேசினால் முகத்தையே உற்றுப் பார்ப்பார். புரியாவிட்டால் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அடுத்தவர்கள் சிரிப்பார்கள். அதனாலேயே தெருவில் இறங்குவதை நிறுத்திவிட்டார்.

கடைசிக் கூண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நாய் குரைக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. பாய்லர்காரர் கம்பிக்குள் கையை விட்டார். நாய் கையை முகரவில்லை, நக்கவில்லை. தன் முழு உடம்பையும் கொண்டுவந்து கம்பியோரம் அவர் கையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டது. ஆள் எடை. அவர் முட்டி மடங்கிக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவனைக் கூட்டிட்டுப் போலாம்" என்றார், சத்தம் எவ்வளவு என்று தெரியாமல், காப்பகம் முழுக்கக் கேட்கிற குரலில். மாதக்கணக்கில் அவராக எதையும் கேட்டதில்லை. லாண்டரியம்மா குரைப்பை மறந்து கூண்டைத் திறக்கச் சொன்னாள்.

"ரெண்டு வீட்ல கொண்டு போயிட்டுத் திருப்பி விட்டுட்டாங்க" என்றாள் காப்பகத்துப் பெண். "காவலுக்கு லாயக்கில்லையாம். நெசமாவே தங்கமான பிள்ளைக்கா. ஆனா ஒண்ணு. எந்தக் கை நீட்டினாலும் போவான். யாரு எதைக் கொடுத்தாலும் திம்பான். நல்லவங்க கெட்டவங்க தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்."

*

லாண்டரி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, கறை பார்த்து, டிரம்மில் போட்டு, பிழிந்து, கஞ்சி போட்டு, நீராவி ரோலரில் ஒரு பக்கம் கொடுத்து மறு பக்கம் வாங்க வேண்டும். முன்பு அவர் கொடுப்பார், அவள் வாங்குவாள். இப்போதும் அப்படித்தான். பேச்சு மட்டும் இல்லை.

நாய் வந்த முதல் நாளே அவள் அதன் மேல் நாலு தடவை இடறி விழப் பார்த்தாள். அவள் டிரம்முக்குப் போனால் அதுவும் டிரம்முக்கு வந்தது. ரோலருக்குப் போனால் ரோலருக்கு வந்தது. வெள்ளை விரிப்புகளில் எல்லாம் பழுப்பு முடி.

"ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டே வருதே, சனியன்!" என்று கத்தினாள். பாய்லர்காரர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அதுவே பெயராகிவிட்டது. ஒட்டுப்புல், கூப்பிடும்போது ஒட்டு.

ஒரு நாள் காலை அவள் வாசலில் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாய்லர் விசில் கீச்சென்று கிளம்பியது. கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே அவர் பாய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு மடித்துக்கொண்டிருப்பார், அவருக்குத் தெரியாது, தெரியவே தெரியாது. ஓடிவந்து பார்த்தால் அவர் வால்வைத் திருகி அடைத்துக்கொண்டிருந்தார். ஒட்டு அவர் சட்டை நுனியை இன்னும் பல்லில் கவ்வியபடி நின்றது.

"முட்டினான். நான் கவனிக்கலன்னதும் சட்டையைப் பிடிச்சு இழுத்தான்" என்றார். முகம் மலர்ந்து கிடந்தது. அவள் அழுக்குத் துண்டுக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அன்று ஒட்டுக்கு இரண்டு முட்டை.

அதன் பிறகு அவர் சாயங்காலம் நாயோடு வெளியே போகத் தொடங்கினார். தெருமுனை டீக்கடை, தையல்கார அக்கா கடை, கண்டக்டர் வீடு, அதைத் தாண்டி மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரி மதிலோரம் ஒரு நடை. ஒட்டு பார்க்கிற காலில் எல்லாம் போய்ச் சாயும். ஜனங்கள் குனிந்து அதன் தலையைத் தடவுவார்கள். நிமிரும்போது அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லை. காது கேட்காத மனுஷனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

கண்டக்டர் என்பது பழைய பெயர். பஸ் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அவர் கண்டக்டர்தான். சென்ற மழைக்காலத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒட்டு வந்து சாய்ந்ததும், "டிக்கெட் எடுத்தாச்சா? எடுக்காம ஏறினா இறக்கி விட்டுடுவேன்" என்று அதன் நெற்றியில் ஒரு விரலால் தட்டுவார். ஒட்டு இன்னும் அழுத்திச் சாயும்.

*

மழை பிடித்துக்கொண்டது. நின்று பெய்கிற மழை இல்லை, விடாமல் நசநசக்கிற மழை. கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் துணி போட்டும் எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. சோப்புத் தண்ணீரில் ஊறி லாண்டரியம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்தன.

அந்த வாரம்தான் ஐஸ் பேக்டரி மதிலோரம் முதல் நாய் செத்துக் கிடந்தது. தெரு நாய், கறுப்பு. வண்டி அடித்திருக்கும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. வண்டி போகாத சந்தில் கிடந்தது. வாயில் நுரை.

துணி தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையல்கார அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"யாரோ வைக்கிறாங்கடி. கறித்துண்டுக்குள்ள வச்சு, மதிலோரம் போட்டுட்டுப் போறாங்க. டீக்கடைக்காரர் கண்ணால பாத்திருக்கார், மிச்சம் கிடந்ததை."

"யாருக்கா?"

"யாரு முகத்துல எழுதி ஒட்டியிருக்கு? நம்ம தெரு ஆளாத்தான் இருக்கணும். வெளியாளுக்கு இங்க என்ன வேலை? உன் நாயைப் பத்திரமா வச்சுக்க. அது யாரைக் கண்டாலும் ஈன்னு போய் நிக்குது. அவருகிட்டச் சொல்லி வை."

லாண்டரியம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுப் படியேறும்போதே முடிவு செய்துவிட்டாள், சொல்லப் போவதில்லை என்று. சொன்னால் என்ன நடக்கும்? நாயை உள்ளே கட்டிப் போடுவார். தானும் உள்ளே உட்காருவார். அந்தச் சாயங்கால நடை போய்விடும். கதவு பழையபடி சாத்திக்கொள்ளும். இப்போதுதான் மனுஷன் ஏதோ நாலு வார்த்தை பேசுகிறார், சாப்பிடும்போது உப்பு குறைகிறது என்று சொல்கிறார். அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. தெரு முழுக்க இதே பேச்சாக இருந்தது. ஆனால் அவர் காதுக்கு அது எட்டாது. எட்டாமல் பார்த்துக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் அவளை உறுத்தியது.

அவருக்குச் சொல்லாமல் நாய்க்குச் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானித்தாள்.

தையல்கார அக்காவிடம் ரொட்டித் துண்டு கொடுத்தாள். உள்ளே வேப்பெண்ணெய் தோய்த்திருந்தது. "நீங்க கூப்பிட்டுக் கொடுங்கக்கா. கசக்கட்டும். மத்தவங்க கையில வாங்கினா கசக்கும்னு தெரியட்டும்."

ஒட்டு ஓடி வந்தது. வாங்கியது. முகத்தைக் கோணிக்கொண்டு துப்பியது. பிறகு அக்காவின் கையை நக்கிவிட்டு, துப்பியதையே திரும்ப எடுத்துத் தின்று, காலில் சாய்ந்துகொண்டது.

"என்னடி இது! கொடுத்தவ மனசு நோகக் கூடாதுன்னு திங்குற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால இன்னொரு தடவை முடியாது."

லாண்டரியம்மா விடவில்லை. கொட்டகைத் தரையில் கறித்துண்டைப் போட்டு, ஒட்டு முகர்ந்ததும் ஈரத்துணியால் மூக்கில் ஓர் அடி போட்டாள். "கூடாது!" அது பின்வாங்கி அவளைப் பார்த்தது. கோபமில்லை, பயமும் இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிற பார்வை. மறுபடி முகர்ந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு அது தரையோடு தரையாகப் படுத்து, ஊர்ந்து வந்து, அடித்த கையிலேயே தலையை வைத்தது.

அந்த நேரத்தில் பாய்லர்காரர் வாசலில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"ஏன் அடிக்கிற?"

அவள் திரும்பினாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கேக்கறேன்ல, ஏன் அடிக்கிற? அவன் என்ன பண்ணினான்?"

"தரையில கிடக்கறதை... திங்கக் கூடாதுன்னு..." வாயை அகலத் திறந்து, கையால் காட்டினாள்.

"தரையில கிடக்கறதை நீதானே போட்ட? பாத்துக்கிட்டுத்தானே நிக்கறேன்! நீயே போட்டு நீயே அடிக்கிற!" அவர் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதியது. "அன்னிக்கு ரொட்டியில ஏதோ தடவினதையும் பாத்தேன். எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு போகல. உனக்கு இவனைப் பிடிக்கலேன்னா சொல்லிடு. நாங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிடறோம். உனக்கும் ரெண்டு பாரம் குறையும்."

ரெண்டு பாரம் என்றார். உண்மையை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் திரும்பிவிட்டால் அவரிடம் எதையும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து ரோலருக்கு எதிர்ப்பக்கம் நின்று துணி கொடுக்கும்போதுகூட அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் பாய்லர் பக்கத்தில் நாயோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

*

கண்டக்டர் வீட்டுத் துணி வாரம் ஒரு முறை வரும். அந்த வாரம் மழையால் தாமதமாகி, ஒரு பிற்பகலில்தான் மூட்டையைப் பிரித்தாள். டிரம்மில் போடும் முன் எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பேனாவோ, வெற்றுச் சீட்டோ இருந்தால் மொத்தத் துணியும் பாழ். கண்டக்டரின் பழைய காக்கிக் கால்சட்டையின் வலது பையை இழுத்தபோது கை பிசுபிசுத்தது.

பை உள்துணி முழுக்கக் கொழுப்புக் கறை. காய்ந்த இறைச்சி வாடை. கூடவே, மூலையில் மடங்கிச் சிக்கிக் கிடந்தது கிழிந்த ஒரு பொட்டல முனை. அதில் ஒட்டியிருந்த பொடியும், எலிப்படம் போட்ட பாதித் தாளும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

அவள் கால்சட்டையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். கண்டக்டரா? ஒவ்வொரு சாயங்காலமும் டிக்கெட் கேட்கிற மனுஷனா?

நனைந்துகொண்டே போனாள். கண்டக்டர் வாசல் நாற்காலியை மழைக்கு உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீடு சுத்தமாக இருந்தது. ஜன்னலோரக் கட்டில் வெறும் மெத்தையோடு கிடந்தது. அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த கட்டில்.

"வாம்மா. துணி அதுக்குள்ள ஆயிடுச்சா?"

அவள் கால்சட்டையை அவர் முன்னால் நீட்டினாள். பை வெளியே தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. மறுப்பார் என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்து வந்தாள்.

"பையைப் பாக்காம போட்டுட்டேன்" என்றார். "அவ இருந்தவரைக்கும் அவதான் பாத்துப் போடுவா."

"ஏண்ணே?"

"உக்காரும்மா."

"உக்கார வரல. ஏன்னு சொல்லுங்க."

கண்டக்டர் கட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க அக்கா, என் வீட்டுக்காரி, எப்படி விழுந்தான்னு தெரியுமில்ல உனக்கு? ரொட்டி வாங்கிட்டு வந்துகிட்டிருந்தா. அந்த மதில்கிட்ட நாலஞ்சு நாய் சுத்திக்கிச்சு. பயந்து பின்னால போனா. சாக்கடை விளிம்புல கால் வழுக்கி... இடுப்பெலும்பு. அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல. நான்தான் புரட்டிப் போடுவேன், நான்தான் துடைச்சு விடுவேன். முதுகு புண்ணாயிடுச்சு. வலிக்குதுன்னு சொல்ல மாட்டா. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுத்தான் அழுவா."

"தெரியும்ணே. எல்லாம் தெரியும். அதுக்கு இப்படியா?"

"எந்த நாய்னு எனக்குத் தெரியலையேம்மா." அவர் முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா அதை மட்டும் பாத்திருப்பேன். தெரியல. அதனாலதான் எல்லாத்துக்கும் வைக்கறேன்."

டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல, நிதானமாகச் சொன்னார்.

"ஒட்டு தினமும் உங்க கால்ல வந்து சாயறான்."

"அவன் நல்ல பிள்ளை. அவனுக்கு நான் கையால ஒரு பிஸ்கட்டுகூடக் கொடுத்ததில்ல, கவனிச்சியா? என் கையில எனக்கே நம்பிக்கை இல்ல. அவன் வீட்டு நாய். உங்க வீட்ல திங்கறான். தெருவுல கிடக்கறதை அவன் ஏன் தொடப் போறான்?"

"தரையில கிடக்கற கறிக்கு இது வீட்டு நாய், இது தெரு நாய்னு தெரியுமா? அவன் எதை வேணா திம்பாண்ணே. கசக்கறதைக்கூடத் திம்பான். கடைசியா எப்ப வச்சீங்க?"

கண்டக்டர் வாசலைப் பார்த்தார்.

"எப்ப வச்சீங்க?"

"மத்தியானம். மழை விட்டிருந்துச்சு. மதிலோரமாத்தான்."

மழை இப்போது மறுபடி விட்டிருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாய்லர்காரர் நடக்கிற நேரம்.

*

அவள் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, உதறிவிட்டு ஓடினாள். திருப்பத்தில் மதில் முழுக்கத் தெரிந்தது. அதன் கடைக்கோடியில் பாய்லர்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி வானத்தைப் பார்த்து நின்றிருந்தார். கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தார். ஒட்டு மதிலோரப் புல்லில் மூக்கைத் தாழ்த்தி, எதையோ தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க! என்னங்க!"

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பவே இல்லை. ஒட்டு நின்றது. ஒரு கல்லோரம் மூக்கை வைத்தது. வால் ஆடியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்குத்தானே காது கேட்காது?

"ஒட்டூ!"

நிமிர்ந்த காது அவள் பக்கம் திரும்பியது.

"ஒட்டு, வாடா! என் தங்கமே, இங்க வாடா!" அவள் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். அந்தக் கைகள்தான் அதை அடித்தவை.

ஒட்டு கல்லை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் அவளை நோக்கி, சேறு தெறிக்க, காது பறக்க ஓடி வந்தது. வந்த வேகத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு மேலே விழுந்தது. அவள் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினாள். நாக்கு, பல், தொண்டை. ஒன்றும் இல்லை. மறுபடி துழாவினாள். ஒன்றும் இல்லை.

நாயைத் தேடித் திரும்பிய பாய்லர்காரர், அவள் நாயின் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைத்தான் கண்டார். கத்திக்கொண்டே ஓடி வந்தார். "விடு! விடுடி அவனை!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மதில் உடைசலுக்குள்ளிருந்து மடி தொங்குகிற ஒரு செவலைப் பெட்டை நாய் வெளியே வந்து, ஒட்டு விட்டுப் போன கல்லோரம் நின்றது. அவள் "ஏய்! ச்சூ! போ!" என்று கத்தினாள். கல்லை எடுத்து எறிந்தாள், எட்டவில்லை. அதற்குப் பெயர் இல்லை. கூப்பிட்டால் வர யாரும் பழக்கவில்லை. பாலூட்டுகிற பசியில் அது இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று தரையை நக்கியது.

கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு திருப்பத்தில் வந்து நின்றதும் அப்போதுதான்.

அவர் இதுவரை ஒன்று சாவதைப் பார்த்ததில்லை. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். செவலை சிறிது தூரம் நடந்தது. பிறகு அதன் பின்னங்கால்கள் தனியாக வேறெங்கோ போகப் பார்த்தன. விழுந்தது. எழுந்தது. விழுந்தது. மதில் உடைசலுக்குள்ளிருந்து குட்டிகள் கீச்சிடும் சத்தம் கேட்டது. கண்டக்டர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாய்லர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் துடிக்கிற உயிரைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் அதை வாரித் தூக்கிக்கொண்டார். லாண்டரியம்மா வேனை எடுத்தாள். துவைத்து மடித்த லாட்ஜ் விரிப்புகளின் மேலேயே அதைப் படுக்க வைத்தார்கள். மாட்டு டாக்டர் வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது அது அடங்கிவிட்டது.

டாக்டர் வீட்டு பெஞ்சில் அவரை உட்கார வைத்து, அவள் எதிரில் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். மெதுவாக, வாயை விரித்து, எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு நாய், சந்து, தையல்கார அக்கா, ரொட்டி, கால்சட்டைப் பை. அவர் கண்ணை எடுக்காமல் அவள் உதட்டையே பார்த்தார்.

"தெரு பூரா தெரியுமா?" என்றார்.

தலையாட்டினாள்.

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

"நீங்க மறுபடி உள்ளயே உக்காந்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அவனை வெறுக்கறியோன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உன்னை என்னென்னவோ நினைச்சுட்டேன்." வெடித்துப்போயிருந்த அவள் விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே எதுவா இருந்தாலும் என் முகத்தைத் திருப்பிப் பிடிச்சாவது சொல்லு" என்றார்.

திரும்பி வந்ததும் அவர் நேராகக் கண்டக்டர் வீட்டுக்குப் போனார். அடித்துவிடுவாரோ என்று லாண்டரியம்மா பின்னாலேயே ஓடினாள். அடிக்கவில்லை. கண்டக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். "வச்ச இடமெல்லாம் காட்டு" என்றார்.

கொதிக்கிற தண்ணீரிலிருந்து துணி எடுக்கிற நீளக் கிடுக்கியும் ஒரு தகர வாளியுமாக மூன்று பேரும் மதிலோரம் நடந்தார்கள். லாண்டரியம்மா ஒட்டுவைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருந்தாள். கண்டக்டர் காட்டக் காட்டப் பாய்லர்காரர் கிடுக்கியால் எடுத்து வாளியில் போட்டார். கல்லடியில், குழாய் மூட்டில், சுவர்ப் பொந்தில். மதில் உடைசலில் இருந்த குட்டிகளை அவள் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் கண்டக்டர். மின்கம்பத்தடியில் குனிந்தார். புல்லை விலக்கினார். "இங்கதான் வச்சேன்."

இல்லை.

"நல்லா யோசிங்க. வேற இடமா இருக்கும்."

"இல்லம்மா. இங்கதான். இதே கம்பம்தான்."

வேறு நாய் தின்றிருக்குமா, மழை அடித்துப் போயிருக்குமா, காக்கை எங்காவது கொண்டுபோய்ப் போட்டிருக்குமா? இருட்டும்வரை தேடினார்கள். விடிந்ததும் மறுபடி தேடினார்கள். கம்பத்துக்கு எதிரே வீடுகள். வாசலில் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். தவழ்கிற ஒரு குழந்தை படியிறங்கப் பார்த்தது.

"என்ன கண்டக்டரே, எதைத் தொலைச்சீங்க?" என்று டீக்கடைக்காரர் அங்கிருந்தே கேட்டார்.

லாண்டரியம்மா கண்டக்டரைப் பார்த்தாள். அவள் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. இனிமேலும் கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டர் முட்டியில் கையூன்றி எழுந்தார். தவழ்கிற குழந்தையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் நிறுத்தம் பெயர் சொல்கிற அந்தப் பழைய குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நான்தான் வச்சேன். நாய்க்கு விஷம் வச்சது நான்தான். ஒண்ணு காணோம். பிள்ளைங்களை உள்ள கூப்பிடுங்க."

ஒருத்தி ஓடி வந்து குழந்தையை வெடுக்கென்று தூக்கினாள்; அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். காகிதக் கப்பல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். தெருக்கோடியில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அப்புறம் அடுத்தது. பிறகு எதிர்வரிசை. தையல் மெஷின் சத்தம் நின்று, அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்டக்டரின் தோள் குலுங்கியது.

பாய்லர்காரருக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் கம்பத்தடியிலிருந்து ஓரடி நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த கல்லைப் புரட்டினார்.